ஆட்டுப்பட்டியில் கட்டிய நாற்பது குதிரைகள் குறித்து நெடும்புல் நாட்டுக்கு எழுதிய ஓலை

வளம் பெருகுக. நெடும்புல் நாட்டின் நான்கு திசைக் காற்றுக்கும் உரியவரும், எண்ணித் தீராத குளம்புகளின் தலைவரும், வெண்கூடாரத்து வீற்றிருந்து நீதி வழங்குபவரும், எம் கோப்பெருந்தேவி அல்தானியாரைப் பெற்றமையால் எம் நாடு முழுமைக்கும் தந்தைமுறை ஆனவருமாகிய பேரரசர் எர்தெகன் திருமுன்புக்கு, தண்கடல் நாட்டு வேந்தர் இளவெழினியார் திருவாய்மொழிந்தருள, புன்னைமாநகரிலிருந்து திருமந்திர ஓலைநாயகம் பொற்காரி பணிந்து எழுதும் ஓலை.

தேவரீர் நாட்டுப் புல் முழங்கால் உயரம் நிற்பதாகுக. கறவைக் குதிரைகளின் மடி வற்றாதிருப்பதாகுக. ஓநாய்கள் வேறு நாடு தேடிப் போவனவாகுக. இங்கு வேந்தர் நலம். தேவியாரும் நலம். மீன் உண்ணப் பழகிவிட்டார்; புளி உண்ணப் பழகவில்லை. புளிக்குழம்பு வாயில் வைத்ததும் அவர் முகம் போகும் போக்கைக் காண மடைப்பள்ளியார் அனைவரும் கதவோரம் வந்து நிற்பது இப்போது அரண்மனை வழக்கமாகிவிட்டது. அவரும் அதை அறிவார். அறிந்தே சற்று மிகுதியாக முகம் சுளிக்கிறார் என்பது எம் ஐயம்.

நிற்க. தேவியாருக்குச் சீதனமாகத் தேவரீர் அனுப்பிய நாற்பது குதிரைகளை நாங்கள் ஆட்டுப்பட்டியில் கட்டினோம் என்றொரு செய்தி உப்பு வணிகர் வாயிலாகத் தேவரீர் செவிக்கு எட்டியிருக்கும். அது பொய் என்று தெரிவிக்கவே முதலில் எழுத்தாணி எடுத்தோம். மெய்யாக இருப்பதால் அந்த ஏட்டை ஒடித்தெறிந்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதத் துணிந்தோம். பிறர் பேச்சை ஓலை நடைக்கு மாற்றி எழுதுவதே மரபு. இவ்விடயத்தில் மாற்றினால் பாதி உண்மை உதிர்ந்துவிடும் ஆதலால், வேண்டிய இடங்களில் அவரவர் சொன்ன சொல்லையே வைத்திருக்கிறோம். மரபு பொறுத்தருள்க.

ஆட்டுப்பட்டியில் கட்டச் சொன்னவர் ஏனாதி சேந்தன் மழவரையர், எம் குதிரைப்படைத் தலைவர். மிக உயரமானவர். எம் அரண்மனை வாயில்களில் பாதிக்குக் குனிந்து நுழைபவர். மற்றப் பாதிக்குக் குனிய மறந்து நெற்றியில் தழும்பு பெற்றவர். போரில் பின்வாங்கியதில்லை. பொய் சொன்னதில்லை. வேடிக்கைப் பேச்சு என்ற ஒன்று உலகில் உண்டென்பதை அறிந்ததுமில்லை. ஏழு வயது முதல் எம் நண்பர். பின்வருவனவற்றுள் பலவற்றை அவரே எம்மிடம் சொன்னார். எங்கும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னார்.

ஏனாதியார் அறிந்த குதிரை ஒருவகைதான். மேலைக்கடல் கடந்து கலத்தில் வந்திறங்கும் உயர்புரவி. மெல்லிய கால், வளைந்த கழுத்து, பட்டுப்போன்ற தோல். அதற்கு நெய்ச்சோறும் வேகவைத்த கொள்ளும் கருப்பட்டியும் ஊட்டுவார்கள். ஒரு புரவிக்கு மூன்று பணியாளர். வெயிலுக்குக் கூரை, கொசுவுக்குப் புகை. ஏனாதியார் ஏறும் வெண்புரவிக்கு முத்துமேகம் என்று பெயர். அது தும்மினால் மருத்துவர் வருவார். ஏனாதியார் தும்மினால் எவரும் வருவதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

ஆவணித் திங்கள் திருமண நாளில் தேவரீர் அனுப்பிய நாற்பதும் கோட்டை வாயிலில் வந்து நின்றன. குட்டையான கால், தடித்த கழுத்து, பெருந்தலை, துடைப்பம்போல் நிமிர்ந்த பிடரி, முதுகெலும்பு நெடுக ஒரு கருங்கோடு. கடற்கரை வெயிலில் கரடிபோல் மயிர் போர்த்து நின்றன. அவற்றை ஓட்டிவந்தவர் தலைமேய்ப்பர் தெமிரி என்னும் ஐம்பது வயது அம்மையார் என்பது தேவரீர் அறிந்ததே. அவர் எம் மொழியை உப்பு வணிகரிடம் கற்றவர். ஆகவே சொல்லை வீணாக்குவதில்லை.

ஏனாதியார் குதிரைகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்: "குட்டிங்க எல்லாம் முன்னால வந்துடுச்சு போல. தாய்க்குதிரைங்க எப்ப வரும்?"

தெமிரி தம் பக்கத்தில் நின்ற மண்நிறக் குதிரையின் கழுத்தில் கைவைத்து, "இதுதான் தாய். ஆறு போட்டவ" என்றார்.

வாயிலில் நின்ற அனைவரும் நகைத்தனர். நகைக்கும்படி தாம் என்ன சொன்னோம் என்று ஏனாதியார் திகைத்து நின்றார். அவர் உண்மையாகவே கேட்டிருந்தார்.

அவற்றை அரசக் கொட்டிலில் கட்ட முயன்றது மெய். ஆனால் கொட்டிலின் தீவனத் தொட்டிகள் உயர்புரவியின் மார்பளவுக்குக் கட்டப்பட்டவை. தேவரீர் நாட்டுக் குதிரைகள் தொட்டி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று காண முடியாமல், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஏனாதியார் நெடுநேரம் சிந்தித்தார். நகரில் தொட்டி தாழ்ந்திருந்த இடம் ஆட்டுப்பட்டி ஒன்றே. தீவனம் எட்ட வேண்டுமே என்ற நல்லெண்ணத்தால் அங்கே கட்டச் சொன்னார். அது ஒரு நாட்டை அவமதித்ததாகும் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை.

தேவியார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலை அவைக்கு வந்து வேந்தர்முன் நின்று சொன்னது இது:

"என்னோட வந்தவங்களுக்கு ஆட்டுப்பட்டின்னா எனக்கும் அங்கதான் இடம். மழை நின்னு, பனியும் உருகி, கணவாய் திறந்ததும் எங்க ஊருக்குப் போறேன். நீ நல்லவன். ஆனா போறேன்."

அன்றே ஆட்டுப்பட்டியின் அருகில் தம் கம்பளிக் கூடாரத்தை அடித்துக் குடியேறினார். தேவரீர் மொழியில் எதிரில் இருப்பவரை அழைக்க ஒரே சொல்தான் உண்டு என்பதை அறிவோம். ஆகவே வேந்தரை நீ என்றது குற்றமில்லை. உள்ளதைச் சொன்னால், வேந்தருக்கு அது பிடித்திருந்தது. தாயார் மறைந்தபின் அவரை அவ்வாறு அழைக்க எவரும் இருந்ததில்லை. அவர் நாள்தோறும் குடைபிடிப்பார் யாருமின்றி ஆட்டுப்பட்டிக்கு நடந்துபோய், கூடார வாயிலில் அமர்ந்து தேவியாருடன் உணவு உண்டு திரும்பினார். தேவியார் உணவு கொடுத்தார், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. புதிய கொட்டில் கட்ட ஆணை பிறந்தது. அடைமழையில் சுவர் எழும்பவில்லை. இரு நாட்டின் உறவும் ஒரு தீவனத் தொட்டியின் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்நாட்களில் யாம் உறங்கியது குறைவு.

இந்நிலையில் ஐப்பசி நடுவில் வடமலையிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். எம் நாட்டுக்கும் தேவரீர் நாட்டுக்கும் இடையே கணவாயைக் காக்கும் ஓரிக்குன்றக் கோட்டையில் முந்நூறு பேர் இருக்கின்றனர். மலை சரிந்து வண்டிப்பாதையை வாரிக்கொண்டு போய்விட்டது. இவ்வாண்டு பனியும் காலத்துக்கு முன்னரே இறங்கிவிட்டது. கோட்டையில் இருந்த தானியம் பன்னிரண்டு நாளைக்கு. செய்தி வந்து சேரவே நான்கு நாள் ஆகியிருந்தது.

ஏனாதியார் அன்று மாலைக்குள் எண்பது உயர்புரவிகளைத் திரட்டினார். தேவியார் ஆட்டுப்பட்டியிலிருந்து வந்து தம் நாற்பதையும் அழைத்துப் போகச் சொன்னார். ஏனாதியார் கைகூப்பி, "தேவி, மலையில பனி இடுப்பளவு. இதுங்க புதைஞ்சு போயிடும். என் பொறுப்புல ஒண்ணு செத்தாலும் உங்க முகத்துல முழிக்க முடியாது" என்று பணிவுடன் மறுத்தார்.

தேவியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏறப் பார்க்கவே நேரமாயிற்று. "சரி, நீ முன்னால போ" என்றார். பிறகு தெமிரியை அழைத்து, நாற்பதிலும் அரிசி மூட்டை ஏற்றி, ஆறு மேய்ப்பர்களுடன் அரைநாள் இடைவெளியில் பின்தொடர அனுப்பிவிட்டார். இதை ஏனாதியார் அறியார். யாம் அறிவோம், சொல்லவில்லை.

முதல் மூன்று நாள் பயணம் அழகாக நடந்தது. உயர்புரவிகள் அடிவாரத்து ஊர்களைக் கடந்தபோது மக்கள் வழிநெடுக நின்று பார்த்தனர். நான்காம் நாள் பனி தொடங்கியது. அப்போதுதான் ஏனாதியார் மூட்டைகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். எண்பது புரவி சுமந்த மூட்டைகளில் ஐம்பது, அப்புரவிகளே உண்பதற்கான கொள்ளும் நெய்ச்சோற்று அரிசியுமாக இருந்தன. கோட்டைக்கு உணவு கொண்டுபோகும் படை, பெரும்பாலும் தன் உணவையே சுமந்துகொண்டு மலையேறியிருந்தது. ஏனாதியார் புரவிகளின் தீவனத்தைக் குறைத்துக் கோட்டைக்கு மிச்சம் பிடிக்க முயன்றார். ஐந்தாம் நாள் காலையில் புரவிகள் நடுங்கத் தொடங்கின. மெல்லிய தோலின்மேல் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டது. பதினொன்று அங்கேயே விழுந்தன. ஒவ்வொன்றின் பெயரும் அவருக்குத் தெரியும். எம்மிடம் அப்பதினொரு பெயர்களையும் சொன்னார். அவ்விடத்தில் யாமும் வேடிக்கை பேசவில்லை.

உச்சிப்பொழுதில் முத்துமேகம் பனியில் உட்கார்ந்துவிட்டது. ஏனாதியார் தம் பட்டுப்போர்வையை அதன்மேல் விரித்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அப்போது கீழே வளைவில் மணியோசை கேட்டது. தெமிரி வந்துகொண்டிருந்தார். பின்னால் நாற்பது குதிரைகள், மூட்டையுடன், பனி புருவத்தில் ஒட்டிய முகத்துடன், ஏதோ வயலுக்குப் போகிறவை போல நடந்துவந்தன.

தெமிரி மூட்டைகளை இறக்கிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டார். அவை முன்னங்காலால் பனியைப் பறிக்கத் தொடங்கின. நான்கு பறிப்பு, ஒரு மோப்பம், மறுபடி இரண்டு பறிப்பு. அடியில் கிடந்த காய்ந்த புல் வெளிப்பட்டது. மேய்ந்தன. தாகத்துக்குப் பனியையே தின்றன.

ஏனாதியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தீவனம் கொண்டுவரலியா?" என்று கேட்டார்.

"கீழே இருக்கே" என்றார் தெமிரி.

மண்நிறத் தாய் தோண்டிய குழிக்கு அருகே முத்துமேகம் மெல்ல எழுந்து போயிற்று. நெய்ச்சோறு உண்டு வளர்ந்த அது, அக்குதிரையின் தோளுக்கடியில் தலையை நீட்டி, அது மிச்சம் வைத்த புல்லைத் தின்றது. மண்நிறத் தாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. தம் வாழ்நாளில் அவ்வளவு வெட்கமும் அவ்வளவு நன்றியும் ஒருசேர வந்ததில்லை என்று ஏனாதியார் எம்மிடம் கூறினார்.

அன்று பிற்பகல் முழுதும் அவர் தெமிரியின் பின்னாலேயே நடந்தார். நாற்பதும் ஒரே சாயல் என்று அதுவரை எண்ணியிருந்தவருக்கு, அவை மூன்று இனங்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்மலையோரத்து இனத்துக்குக் குளம்பு இறுகியது, இலாடமே வேண்டாம், ஓநாய் வேட்டைக்கு அதில்தான் ஏறுவார்கள். உப்புத்தரை இனம் இரண்டு நாள் நீரின்றி மூட்டை சுமக்கும். ஆற்றோரத்து இனம் பாலுக்கும் மந்தை மடக்கவும். உதிர்ந்த பிடரிமயிரை மேய்ப்பர்கள் நடந்தவாறே திரித்துக் கயிறாக்கிக்கொண்டு வந்தனர். ஈரவிறகு எரியாத இடத்தில் உலர்ந்த சாணம் எரிந்தது. ஏனாதியார் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியாக மண்நிறத் தாயைக் காட்டி, "இதுக்குப் பேரு என்ன?" என்றார்.

"பேர் இல்ல. நிறம்தான். மண்நிறம்."

"பேர் இல்லாம எப்படிக் கூப்பிடறது?"

"எதுக்குக் கூப்பிடணும்? அவ வரும்போது வருவா."

எஞ்சிய உயர்புரவிகளை, பன்னிரு வீரர் நீங்கலாக மற்றவருடன் கீழே அனுப்பிவிடுவது என்றும், கோட்டைக்கு வேண்டிய மூட்டைகளை நாற்பதில் ஏற்றிக்கொண்டு மேலே போவது என்றும் முடிவாயிற்று. பாதை குறுகியது, தலைவர் நடந்தால் எல்லாரும் பின்தங்குவர். ஆகவே ஏனாதியார் மண்நிறத் தாய்மேல் ஏறவேண்டியதாயிற்று. ஏறினார் என்பதைவிடத் தாண்டி நின்றார் என்பது பொருந்தும். பாதம் இரண்டும் தரையை உரசின. கடிவாளத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். "பிடிக்காதே. உக்காரு. வழி அவளுக்குத் தெரியும்" என்று விடை வந்தது. முப்பதாண்டு குதிரைப்படை நடத்தியவர் கைகளை எங்கே வைப்பதென்று அறியாமல் மடியில் வைத்துக்கொண்டு போனார். பேரில்லாத ஒன்றை விளிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை; இரண்டு நாழிகை பொறுத்துப் பார்த்துவிட்டு, "தாயே" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

ஆறாம் நாள் நண்பகலில் கண்ணை மறைக்கும் பனிப்புயல் அடித்தது. மண்நிறத் தாய் பாதையை விட்டுத் திரும்பிச் சரிவில் இறங்கிற்று. ஏனாதியார் போர்க்களத்து ஆணைகள் அனைத்தையும் இட்டுப் பார்த்தார். அது கேட்கவில்லை. கீழே காற்று நுழையாத ஒரு பள்ளத்தில் போய் நின்றது. மற்றவையும் வந்து சேர்ந்தன. வாலைக் காற்றுக்குக் காட்டி, தலையை உள்ளே வைத்து, வட்டமாக நெருங்கி நின்றுகொண்டன. மனிதர்கள் நடுவே. தண்கடல் நாட்டுப் படைத்தலைவர் இரண்டு குதிரைகளின் விலாவுக்கிடையே நசுங்கி, ஆட்டுப்பட்டியில் தாம் கட்டிய விலங்கின் மயிரில் முகம் புதைத்து, உயிரோடும் வெதுவெதுப்போடும் நின்றார்.

தெமிரி தோற்பையிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். என்னவென்று கேட்டதற்கு, "பால்" என்றார். பால்தான், தேவரீர் நாட்டில் தோற்பையில் கடைந்து புளிக்கவைக்கும் குதிரைப்பால். கள்ளைக் கண்ணாலும் காணாத ஏனாதியார், பால்தானே என்று மூன்று கிண்ணம் பருகினார். பிறகு தெமிரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் தொட்டி எட்டலேன்னுதாம்மா அங்க கட்டினேன். வேற ஒண்ணும் நினைக்கல. யாரும் கேக்கவே இல்ல என்னை" என்று அழுதார்.

"தெரியும். நீ கெட்டவன் இல்ல. உயரமானவன்" என்றார் தெமிரி.

அதன்பின் தாம் பாடவில்லை என்று ஏனாதியார் உறுதியாகக் கூறுகிறார். பாடினார் என்று தெமிரியும், ஆறு மேய்ப்பரும், உடன்போன எம் வீரர் பன்னிருவரும் கூறுகின்றனர். பாடியது உழத்தியர் நடவுப் பாட்டு என்றும், நடுவே ஓரடி மறந்து முதலிலிருந்து தொடங்கினார் என்றும் சான்று இருக்கிறது.

எட்டாம் நாள் காலை பனி தெளிந்தது. ஓரிக்குன்றக் கோட்டையில் அன்று கஞ்சிக்கும் தானியம் இல்லை. மதிலில் நின்ற காவலன் தொலைவில் பனிமேல் ஊர்ந்து வரும் மந்தையையும், அதன் நடுவே நெடிய மனிதர் ஒருவரையும் கண்டு, "ஏனாதியார் ஆடு ஓட்டிக்கிட்டு வர்றாரு" என்று கூவினான். முந்நூறு பேரும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாயிலுக்கு வந்துவிட்டனர். பசி மிகுந்த ஒருவன் மண்நிறத் தாயின் பிடரியில் கைபோட்டு, "இது நல்லா கொழுத்திருக்கு" என்றான்.

ஏனாதியார் இறங்கினார், அதாவது காலை ஊன்றி நிமிர்ந்தார். உறையிலிருந்து வாளை உருவினார். போருக்கு வெளியே அவர் வாள் உருவியதை எவரும் கண்டதில்லை.

"கையை எடு. இது ஆடு இல்ல, குதிரை. உங்க முந்நூறு பேருக்கும் சோறு கொண்டுவந்த குதிரை. ஒழுங்காப் பாரு. பார்த்துட்டுக் கும்பிடு."

அந்த வீரன் பார்த்தான். கும்பிட்டான். பின்னால் நின்றவர்களும் எதைக் கும்பிடுகிறோம் என்று அறியாமலே கும்பிட்டனர். அரிசி இறங்கிற்று. ஓரிக்குன்றத்தில் ஒருவரும் சாகவில்லை. நாற்பதில் ஒன்றும் சாகவில்லை.

திரும்பி வந்தபோது நகர மக்கள் வீதியில் கூடிவிட்டனர். அவரை அழைத்துவர வெண்புரவியோடு ஆள் அனுப்பியிருந்தோம். ஏனாதியார் அதில் மாறவில்லை. மண்நிறத் தாய்மேலேயே, பாதம் தரையை உரச, கடைவீதி நெடுக வந்தார். சிலர் சிரித்தனர். சிலருக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே ஆட்டுப்பட்டிக்குப் போவார் என்று தேவியார் கூடார வாயிலில் காத்திருந்தார். அவர் அங்கே போகவில்லை. அரசக் கொட்டிலுக்குப் போய்க் கொத்தரை வரவழைத்து, தொட்டிகளை இடித்துத் தரையோடு தாழ்த்திக் கட்டும்வரை சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமே கல் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள்தான், சுண்ணாம்பு படிந்த கையோடு, தேவியார்முன் போய் நின்றார். நான்கு நாள் வழியில் மனப்பாடம் செய்திருந்த மன்னிப்புரை அவருக்கு மறந்துபோயிற்று.

"தொட்டி இப்ப எட்டும், தேவி" என்றார்.

தேவியார் அவரைப் பார்த்தார். "உன் வெள்ளைக் குதிரைக்கு?"

"அது குனியட்டும். நான் குனியல?"

அதற்கு முன்னும் பின்னும் ஏனாதியார் வேடிக்கை பேசியதாகப் பதிவில்லை. அதுவும் வேடிக்கை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தேவியார் சிரித்தார். எம் நாட்டுக்கு வந்தபின் முதன்முறையாகச் சத்தமிட்டு, கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேந்தர் அந்த ஓசை கேட்டு அவையைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். கூடாரம் அன்று மாலை பிரிக்கப்பட்டது. தேவியார் அரண்மனைக்குத் திரும்பினார். கணவாய் திறந்து ஒரு திங்கள் ஆகியும் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

முத்துமேகமும் பிழைத்தது. ஆனால் நெய்ச்சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொட்டிலின் தளத்தை முன்னங்காலால் பறிக்கிறது. தளக்கல் நான்கு உடைந்துவிட்டன. அடியில் புல் இல்லை என்பதை அதற்கு எவ்வாறு விளக்குவதென்று அறியோம்.

இனி எம் வேண்டுகோள். வடமலைக் காவலுக்கும் சுமைக்கும் மூன்று இனங்களிலும் பொலிகுதிரையும் பெட்டையுமாக நூறு அனுப்பியருள வேண்டும். அவற்றோடு வந்து வாழ விரும்பும் மேய்ப்பர் குடும்பங்கள் இருப்பின் அவர்களுக்கு மலையடிவாரத்தில் மேய்ச்சல் நிலமும், குடிகளுக்குரிய எல்லா உரிமையும் தருவோம். ஈடாக உப்பும், கருவாடும், கருப்பட்டியும், தேவரீர் விரும்பும் வேறெதுவும் ஆண்டுதோறும் கணவாய் வழியே வரும். புளி வராது, தேவியார் தடுத்துவிட்டார்.

இந்த ஓலையைத் தாங்கி வருபவர் ஏனாதி சேந்தன் மழவரையரே. இதில் உள்ளது அவருக்குத் தெரியாது. குதிரை கேட்கும் ஓலைக்கு இத்தனை ஏடு எதற்கு என்று வினவினார். வாழ்த்துரை நீளம் என்று விடை கூறினோம். ஆகவே தேவரீர் பேரவை நிறைந்திருக்கையில், அவரை நடுவே நிற்கவைத்து, மொழியறிந்த ஒருவரைக் கொண்டு இதை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசிப்பித்தருள வேண்டுகிறோம். இதுகாறும் வாசித்திருந்தால் அவர் காதுமடல் இந்நேரம் சிவந்திருக்கும்.

பேரரசர்க்கு விண்ணப்பம் இத்துடன் நிறைந்தது. இனி வருவது ஏனாதியார்க்கு வேந்தர் ஆணை.

மழவரையரே, நெடும்புல் நாட்டில் குளிர்காலம் எத்தனை திங்கள் என்று நீர் எம்மை மூன்றுமுறை கேட்டீர். அங்குள்ள மேய்ப்பர்கள் அயலாரைச் சேர்த்துக்கொள்வார்களா என்று, வேறு யாருக்கோ கேட்பதுபோல், ஒருமுறை கேட்டீர். பங்குனியில் புறப்படும் பயணத்துக்குக் கம்பளிக் காலுறை ஏழு சோடி எடுத்து வைத்ததை யாம் கண்டோம். படையை விட்டு எப்படிப் போவது, ஐம்பது வயதில் போய்க் குதிரை கற்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது என்று நீர் எண்ணியிருப்பீர். நீர் கேட்கமாட்டீர். ஆதலால் வேந்தர் ஆணையாக அனுப்புகிறார். குதிரைகளோடு நீர் உடனே திரும்ப வேண்டா. அடுத்த பங்குனிவரை அங்கேயே தங்கி, மேய்ப்பர்களுக்குள் மேய்ப்பராக, அவர்கள் சொன்னதைச் செய்து, மூன்று இனங்களையும் கற்று வருக. படையை உம் இளவல் பார்த்துக்கொள்வார். வெண்புரவியை யாமே பார்த்துக்கொள்வோம், தளக்கல்லும் மாற்றிக்கொள்வோம். உம் தோழன் என்ற முறையில் எமக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஓராண்டு எவரைக் கேலி செய்வது என்று தெரியவில்லை.

இவ்வாணை வேந்தர் இளவெழினியார் கைச்சாத்தும், கோப்பெருந்தேவி அல்தானியார் கட்டைவிரல் பதிவும் பெற்று, தண்கடல் நாட்டுச் சங்கு இலச்சினை அரக்கில் இடப்பட்டது. மாற்றுவார் இலராக, மறுப்பார் இலராக. வாசித்தவர் நீர் அருந்துக. கேட்டு நின்றவர் இனி அமர்க. அங்குள்ள கூடாரங்களின் வாயில் தாழ்ந்தது, பார்த்து நுழைக.